மெட்ராஸுக்குப் போன வரிசை

சென்னகேசவன் படம் வரைவதை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஊருக்கு அவர் டிராயிங் சார்தான். வீடு அருப்புக்கோட்டையில், வேலை திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில். காலை எட்டு மணி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கப் பழகியிருந்தார். ஆறாம் வகுப்புக்கு மாம்பழம், ஏழாம் வகுப்புக்குப் பூச்சாடி, எட்டாம் வகுப்புக்கு மலைக்கு நடுவே உதிக்கும் சூரியன். கணக்கு வாத்தியார் பாடம் முடியவில்லை என்று வந்து நின்றால், மறுபேச்சில்லாமல் தன் பீரியடைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்.

கை வராமல் நிறுத்தியவர் இல்லை. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறிப் பக்கம் போகமாட்டேன் என்று அடம்பிடித்து மெட்ராஸுக்குப் போய் ஓவியம் படித்தவர். எண்பத்திரண்டில் கூடப் படித்தவர்கள் பத்துப் பேர் சேர்ந்து அங்கே ஒரு கண்காட்சி வைத்தார்கள். சாயம் தோய்த்த நூலைக் காயப்போடும் பெண்களை, ஆறடி கான்வாஸில் எட்டு மாதம் வரைந்து கொண்டுபோனார் கேசவன். பக்கத்துச் சுவரில் அவருடைய சிநேகிதன் அசோக் ஓர் ஆணி அடித்திருந்தான். ஆணி மட்டும்தான். கீழே ஒரு சீட்டில் ‘மாட்டாத ஓவியம்’ என்று எழுதி ஒட்டியிருந்தான்.

அசோக் பாலவனத்தத்துக்காரன். வியாபாரக் குடும்பம். எதை எங்கே வைத்தால் ஆள் நின்று பார்ப்பான் என்பது அவனுக்குப் பிறவியிலேயே தெரியும். ஆறு நாளும் கூட்டம் ஆணிக்கு முன்னால்தான். பத்திரிகையிலும் ஆணியைப் பற்றித்தான் எழுதினார்கள். கேசவனின் படத்துக்கு முன்னால் நின்ற சிலரும், அங்கிருந்து பார்த்தால் ஆணி நன்றாகத் தெரிகிறது என்பதற்காக நின்றவர்கள்.

அது மோசடி என்று அவரால் முடிவுகட்ட முடிந்திருந்தால் பிழைத்துக்கொண்டிருப்பார். கோபத்திலேயே இன்னும் பத்துப் படம் வரைந்திருப்பார். கடைசி நாள் மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்து அவரும் ஆணிக்கு முன்னால் போய் நின்றார். கால்மணி நேரம் நின்றிருப்பார். வெற்றுச் சுவரில் என்னென்னவோ படங்கள் வந்தன, போயின. எட்டு மாத உழைப்பைவிட அந்த அரை விரல் இரும்பு பெரிதா, இல்லை இத்தனை பேரும் கூடி ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்கிறார்களா?  விடை தெரியாத அசதியோடு ஊருக்கு வந்தவர்தான். தூரிகையை எடுக்கும்போதெல்லாம் ‘இது எதுக்கு?’ என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. கேட்டுக்கேட்டுச் சலித்து, வண்ண டப்பாக்களைப் பரணில் தூக்கிப் போட்டார். மனைவி ஹேமலதா ஒன்றும் கேட்கவில்லை. பரணுக்குப் பூட்டும் போடவில்லை.

தொண்ணூற்று மூன்று சித்திரையில் அசோக்கிடமிருந்து கடிதம் வந்தது. இப்போது அவன் மெட்ராஸில் ஓவியக்கூடம் நடத்துகிறவன். ஆடியில் ஒரு பெரிய கண்காட்சியாம். படம் கிடையாது, சிலை கிடையாது. கருத்துதான் கலை, பொருள் அதற்கு ஒரு சாக்கு. ‘உன்னிடம் ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்று கொடு’ என்று எழுதியிருந்தான்.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருதரம் லாரியில் தண்ணீர் வரும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வெயிலில் எத்தனை நேரம் நிற்பது? தெருச்சனம் தங்களுக்குப் பதிலாக ஆளுக்கொரு பொருளை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடும். குடத்தை வைத்தால் களவு போய்விடும் என்பதால், யாரும் எடுக்காத பொருளாகப் பார்த்து வைப்பார்கள். கருங்கல், பாதிச் செங்கல், அறுந்த செருப்பு, அடி ஓட்டையான அலுமினியச் சட்டி. ஒரு லாரித் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்குத்தான் காணும். பிடித்தவர்கள் தங்கள் பொருளை வாலுக்கு மாற்றிவைப்பார்கள். பிடிக்காதவர்களின் பொருள் அப்படியே முன்னால் நகர்ந்து, அடுத்த லாரிக்குக் காத்துக் கிடக்கும். இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டு பொருள். எது யாருடையது என்று தெருவுக்கே மனப்பாடம்.

கேசவன் அதைத் தினமும் ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியாகப் பார்ப்பவர். அன்றைக்கு எரிச்சலில் ஒரு கார்டை எடுத்து எழுதினார்: ‘அசோக்கு, இங்கே இருபத்திரண்டு கல்லும் செருப்பும் தண்ணீருக்கு வரிசையில் நிற்கின்றன. அப்படியே அள்ளிக்கொண்டுபோய் உன் வழவழத் தரையில் வை. இதற்கு மேல் என்னிடம் கருத்து ஒன்றும் இல்லை.’

கிண்டலாகத்தான் எழுதினார். பத்தாம் நாள் அசோக் காரில் வந்து இறங்கிவிட்டான்.

தலை பாதி நரைத்து, கதர் ஜிப்பாவும் மூக்குக்கண்ணாடியுமாக இருந்தான். தெருமுனையில் நின்று வரிசையைப் பார்த்தவன், தலையிலிருந்து வால்வரை அதன் ஓரமாக நடந்துவிட்டு வந்தான். பிறகு கேசவனின் தோளைப் பிடித்து, “ஏலே கேசவா, இதைத் தெனமும் பாத்துக்கிட்டா பஸ்ஸுல போயிட்டு வந்துக்கிட்டிருக்க?” என்றான்.  விளையாட்டுக்கு எழுதினேன் என்று சொல்ல, தோளைப் பிடித்த அந்தப் பிடி கேசவனை விடவில்லை.

தெருவில் கேட்டார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பதிலாக ஒரு புதுப் பிளாஸ்டிக் குடம் என்றான் அசோக். பள்ளிக்கூட வாசலில் அவித்த கடலை விற்கும் சுப்பம்மாள் தன் பாதிச் செங்கல்லைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள்.

“கல்லுக்குக் குடமா சார்? ஒடஞ்ச கல்லுக்கா?”

“ஆமாம்மா,” என்றான் அசோக். “ஒங்க கல்லை மெட்ராஸ்ல நாலு பேரு பாப்பாக.”

“அங்க கல்லு இல்லையா?” என்று கேட்டுவிட்டு, குடத்தை வாங்கி விரலால் தட்டி ஓசை பார்த்தாள்.

மெட்ராஸில் இதே ஒழுங்கில் வைக்க வேண்டும் என்பதால், வரிசையை வரைந்து தரும்படி அசோக் கேட்டான். கேசவன் ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்து பென்சிலால் வரைந்தார். பதினோரு வருஷம் கழித்துப் பார்த்து வரைவதால், முதல் கல்லை இரண்டு தரம் அழித்துப் போட்டார். சுப்பம்மாளின் செங்கல், ஆட்டுத் தரகர் மொக்கையனின் கருங்கல், கடைக்காரர் நல்லமுத்துவின் துருப்பிடித்த எண்ணெய் டின் என்று ஒவ்வொன்றாக வரைந்து, கீழே பெயரும் எழுதினார். முடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அருப்புக்கோட்டையில் ஜெராக்ஸ் எடுத்து அவரிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அசலோடும் கல்லோடும் அசோக் கிளம்பிப் போனான்.

வினை மூன்றாம் நாள் வந்தது. பழைய பொருள்கள் போன இடத்தில் தெருச்சனம் புதிதாகக் கல்லைக் கொண்டுவந்து வைத்திருந்தது. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால், எந்தக் கல் யாருடையது என்று இப்போது யாருக்கும் நிச்சயமில்லை. லாரி வந்து நின்றதும் மொக்கையன் இரண்டாவது கல்லுக்குப் பின்னால் போய் நின்றார். அது சுப்பம்மாளின் இடம்.

“இது என் கல்லுய்யா!”

“ஒன் கல்லு செங்கல்லுல்ல? அதான் கார்ல ஏறி மெட்ராஸுக்குப் போயிருச்சே. அங்க போய்த் தண்ணி பிடி.”

யாரோ சிரித்தார்கள். யாரோ யாரையோ தள்ளினார்கள். சத்தம் கேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து கேசவன் ஓடிவந்தபோது, சுப்பம்மாள் லாரிச் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வலது மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அது கோணலாக இருந்தது. அவள் அழவில்லை. “குடம் ஒடையலையே?” என்று மட்டும் கேட்டாள்.

அவரே அவளைக் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப்போனார். மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளை தடவிக் கட்டினார்கள். ஒன்றரை மாதம் கையை அசைக்கக் கூடாது. திரும்பி வந்தபோதும் தெருவில் சண்டை ஓயவில்லை. ஆளுக்கொரு வரிசை சொன்னார்கள். கேசவனுக்கு அப்போதுதான் பையில் இருந்த ஜெராக்ஸ் நினைவுக்கு வந்தது. எடுத்து விரித்தார்.

சத்தம் அடங்கிவிட்டது. நல்லமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். மொக்கையன் தன் கருங்கல் ஒன்பதாவதாக இருப்பதைக் குனிந்து பார்த்தார். அதன் முதுகில் இருந்த வெடிப்புகூட அதில் வந்திருந்தது.

“என் கல்லுதான்,” என்றார். “மறுக்க முடியாது.” ஒன்பதாம் இடத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

அந்தத் தாளை நல்லமுத்து தன் கடைச் சுவரில் ஒட்டிவைத்தார். கோடை முடியும்வரை தெருவுக்கு அதுதான் சட்டம். இதை வீட்டில் சொன்னபோது ஹேமலதா சோற்றைப் பரிமாறியபடி, “அந்தப் பொம்பளை கை ஒடஞ்சதைச் சொல்லிட்டு, படம் நல்லா வந்ததையும் அதே மூச்சுல சொல்றீகளே,” என்றாள்.  அவள் சொன்னது சரிதான். தாள் விரிந்த நேரத்தில், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தனக்குள் ஏதோ எழுந்து நின்றதை அவர் உணர்ந்திருந்தார். அது எழுந்து நிற்க ஒருத்தியின் மணிக்கட்டு முறிய வேண்டியிருந்தது. இதற்கு என்ன விலை, யார் போடுவது?

ஆடியில் இரண்டு நாள் லீவு போட்டு மெட்ராஸுக்குப் போனார். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை. நடுவில் இருபத்திரண்டு பொருளும் வரிசையாக இருந்தன. விளக்கு வெளிச்சத்தில் அறுந்த செருப்புகூட ஏதோ சாமி சமாச்சாரம்போல இருந்தது. அசலான பென்சில் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். பட்டுப்புடவை அம்மாள் ஒருத்தி அவரிடம், இல்லாத மனிதர்களின் இருப்பு என்று இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். அவர் தலையாட்டிவைத்தார். சாயங்காலத்துக்குள் பெங்களூர்க்காரர் ஒருவர் முப்பதாயிரத்துக்கு மொத்தத்தையும் வாங்கிவிட்டார். கண்காட்சி முடிந்ததும் அனுப்பிவைப்பதாகப் பேச்சு.

 கேசவன் வெளியே வாசல்படியில் போய் உட்கார்ந்தார். வாட்ச்மேன் சின்னச்சாமி பேச்சுக் கொடுத்தான். திருச்சுழிக்கு அடுத்த நரிக்குடிப் பக்கத்துக்காரன்.

“சார்தானா அதைக் கொண்டாந்தது? நேத்துப் பாத்தவொடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தண்ணிக்கு வச்ச கல்லு.”

“எப்படிய்யா தெரிஞ்சுச்சு?”

“எடவெளி விட்டிருக்கிற தினுசுல தெரியுது சார். ஆளு நிக்கிற எடவெளி. நடுவுல எவனாச்சும் ஒரு கல்லைச் சொருகுனா வெட்டுக்குத்துதான்.” அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். “ராத்திரி இதைச் சுத்தி வரும்போது, தாண்டிப் போகக் காலு வர மாட்டேங்குது. சுத்திக்கிட்டுத்தான் போறேன்.”

அதைக் கேட்டதும் கேசவனுக்கு இதுவரை தோன்றாத ஒரு நிம்மதி வந்தது. முப்பதாயிரம் தராத அந்த நிம்மதி கால் மணி நேரம் இருந்தது. பிறகு உள்ளே அசோக், கூட்டத்துக்கு நடுவில் கையை வீசி, “வறட்சியின் இலக்கணம்” என்று சொல்வது காதில் விழ, அதுவும் போய்விட்டது.

கூட்டம் கலைந்த பிறகு இருவரும் டீ குடித்தார்கள். கேசவன் கேட்டார்: “அசோக்கு, நெசமாச் சொல்லு. இதையெல்லாம் நீ நம்புறியா?”

அசோக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “காலையில நம்புவேன். சாயங்காலம் ஆயிருச்சுன்னா நம்ப முடியலடா. மறுநாக் காலையில மறுபடி நம்ப ஆரம்பிக்கணும். அதான் பொழப்பா இருக்கு.”

கேசவனுக்குப் பங்காக வந்த பதினைந்தாயிரத்தில் சுப்பம்மாளுக்கு மட்டும் கூடுதலாக வைத்து, மீதியை இருபத்தொரு வீட்டுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தார். அதனால் நல்ல பெயர் வந்துவிடவில்லை. கல்லுக்குக் குடம் கொடுத்தபோது சிரித்த தெரு, பணம் கொடுத்தபோது மிரண்டது. “கல்லுக்குள்ள என்னமோ இருந்திருக்கு,” என்றார் மொக்கையன். “இல்லாட்டி எவன் குடுப்பான்? வாத்தியாரு வெவரமா அள்ளிட்டுப் போயி, நமக்குப் பிச்சை போடுறாரு.” மொக்கையன் தன் கருங்கல்லை எடுத்த ஓடைக்கரையை நாலைந்து பேர் கடப்பாரையோடு போய்த் தோண்டியும் பார்த்தார்கள். அதன் பிறகு தெருவில் போகும்போது சிலர் கேசவனுக்கு வணக்கம் வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஆவணி பிறந்ததும் பள்ளிக்கூடத்துக்கு அசோக் போன் செய்தான். பதற்றமாக இருந்தான். பெங்களூருக்கு அனுப்பப் பெட்டி கட்டும்போது எண்ணிப் பார்த்தால் சுப்பம்மாளின் செங்கல் இல்லையாம். கூட்டுகிற அம்மாள் குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டாளாம். “ஏதாச்சும் ஒரு பாதிச் செங்கல்லை பஸ்ஸுல போட்டுவிடுடா. யாருக்குத் தெரியப்போகுது?”

பள்ளிக்கூடக் காம்பவுண்டு ஓரத்தில் ஒரு பாதிச் செங்கல் கிடந்தது. கேசவன் அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். எடை சரியாக இருந்தது, நிறமும் சரியாக இருந்தது. மெட்ராஸில் இது செல்லும். இங்கே பின்தெருவில் இதைச் சுப்பம்மாளின் கல் என்று சொன்னால் மொக்கையன் ஒத்துக்கொள்ள மாட்டார். லட்ச ரூபாய் கொடுத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். கல்லைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்குப் போனார்.

சுப்பம்மாள் இடது கையால் கடலை அளந்துகொண்டிருந்தாள். கட்டுப் பிரித்திருந்தார்கள். ஆனாலும் வலது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை. விஷயத்தைச் சொன்னார்.

“நீயே ஒரு கல்லை எடுத்துக் குடு, சுப்பம்மா. ஒன் கையால குடுத்தாத்தான் அது ஒன் கல்லு.”

அவள் அளவுப்படியைக் கீழே வைத்தாள். “அங்க லாரி வருதா சார்?”

“வராது.”

“கொழாயாச்சும் இருக்கா?”

“இல்ல. சும்மா வைக்கிறதுதான். வாரவுக போறவுக பாப்பாக.”

“அப்ப நான் எதுக்கு சார் அங்கயும் போயி நிக்கணும்?” அவள் கேலியாகக் கேட்கவில்லை. “கல்லுனா அது நான்தான? இங்க நிக்கிறது போதாதா? கல்யாணம் கட்டி வந்த நாள்ல இருந்து நிக்கிறேன். ரேசனுக்கு நிக்கிறேன், தண்ணிக்கு நிக்கிறேன், ஆசுபத்திரியில நிக்கிறேன். விடுங்க சார். மெட்ராஸ்லயாச்சும் நான் நிக்காம இருந்துக்கிறேன்.”

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவள் பொட்டலம் மடிக்கத் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அசோக்கைக் கூப்பிட்டு, அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.  மறுமுனையில் அசோக் கத்தினான்.

“ஏலே! அந்த எடத்தை அப்படியே வெறுசா விட்டுருவோம்டா! கீழ ஒரு சீட்டு: ‘சுப்பம்மாள் வர மறுத்துவிட்டார்.’ முழு வேலைக்கும் இதாண்டா உசுரு! என்னா கான்செப்டு!”

“அசோக்கு,” என்றார் கேசவன், “அது கான்செப்டு இல்ல. அந்தம்மாவுக்கு அலுப்பு.”

பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“தெரியும்டா,” என்றான் அசோக், மெதுவாக. “எனக்கும் அலுப்புதான். ஆனா சீட்டு எழுதாம அந்த அலுப்பை எப்படிடா பெங்களூருக்கு அனுப்புறது? நீயே சொல்லு.”

 “பேரைத் தப்பில்லாமப் போடு,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேசவன் போனை வைத்தார்.

வெளியே வந்தபோது அவருடைய பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறப் போனவர், பள்ளிக்கூடத்துப் பக்கம் லாரி ஹாரன் கேட்டுத் திரும்பினார். ஆட்கள் குடங்களோடு ஓடினார்கள். படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டு அவரும் அந்தப் பக்கம் நடந்தார்.

சுப்பம்மாள் வரிசையில் நாலாவதாக நின்றாள். முதல் குடத்தை இடுப்பில் ஏற்ற முடியாமல் இடது கையால் திணறிக்கொண்டிருந்தாள். கேசவன் போய்க் குடத்தின் கழுத்தைப் பிடித்தார். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டாள். பின்னாலிருந்து மொக்கையன், “வாத்தியாரே, ஒரு வீட்டுக்கு நாலு கொடந்தான். கூட ஒரு சொம்பு பிடிச்சாலும் விடமாட்டேன்,” என்று குரல் கொடுத்தார்.

“நாலுதான்யா,” என்றார் கேசவன்.

முதல் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் காட்டிய வீட்டுக்கு நடந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. இரண்டாவது குடத்துக்கு அவர் திரும்பி வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.